உச்சந்தலையில் உள்ளங்கை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஈரத்தலை. கதவைத் திறந்த அம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தலையைத்தான் பார்த்தாள்.

"காலைல குளிச்சிட்டுத்தானே போன?"

"ஆமா."

"அங்க போயும் குளிச்சியா?"

"ஆமா."

"வேலைக்குப் போறியா, நீச்சல் பழகப் போறியா?"

இரண்டு வருடமாக இதே விசாரணை. எங்கள் ஆய்வகத்தின் உள்ளறையிலிருந்து வெளியே வர ஒரே வழி குளியலறை வழியாகத்தான், உடுத்தியதையெல்லாம் உள்ளேயே விட்டுவிட்டுத் தலைமுதல் கால்வரை சோப்புப் போட்டால்தான் வெளியுலகம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்பதைச் சொன்னால் அதன்பிறகு அவளுக்குத் தூக்கம் ஏது? ஆகவே துவட்டிக்கொண்டே அறைக்குள் போய்விடுகிறேன்.

எதிர்வீட்டுக்காரம்மாவிடம் "கவர்மெண்ட்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. அதன் பலன், அந்த அம்மாள் போன வாரம் மாடிப்படியில் என்னை மறித்து விரலை நீட்டினார்: "சர்க்கரை எவ்ளோன்னு பாத்துச் சொல்லேன்."

நாங்கள் பார்ப்பது சர்க்கரை இல்லை. ஆந்த்ராக்ஸ். கால்நடை மருத்துவர்கள் அடைப்பான் என்பார்கள், ஆடுமாடுகளின் நோய். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பொடியாக்கி மனிதர்கள்மேல் தூவினால் என்ன செய்வது என்று அரசாங்கம் கவலைப்படுகிறது. அந்தக் கவலையில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்களின் ரத்தத்திலிருந்து ஒரு முறிமருந்து எடுத்திருக்கிறோம். நோய் முற்றிய பிறகு வந்து சேருகிறவரிடமும் நச்சை அது முறிக்குமா என்பதுதான் கேள்வி. இந்த மாதம் கடைசிச் சுற்றுச் சோதனை. தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். மருந்து வேலை செய்தால் குழி ஊதா நிறமாகும், செய்யாவிட்டால் வெளிறிக் கிடக்கும். இரண்டு வருடப் படிப்பும் பாடும் ஊதாவா வெளிறலா என்பதில் வந்து நிற்கிறது.

மார்ச் 5, வியாழன்

உள்ளறைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. ஜோடியாகத்தான். என் ஜோடி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய். வாயும் இரண்டு வைத்திருக்கிறாளோ என்று சில நாள் சந்தேகம் வரும்.

கதவுக்கு முன்னால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். விதி அது. "இன்னிக்கு நீ சரியா இருக்கியா?" சளி, வயிற்றுவலி, வீட்டுச் சண்டை, தூக்கமில்லாமை, எது இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அன்றைக்கு வெளிவேலை, அவ்வளவுதான்.

அக்காவின் பதில் வானொலிச் செய்தி மாதிரி வரும். "முட்டி லேசா வலிக்குது. மாமியார் வந்திருக்காங்க, இன்னும் பத்து நாள் இருப்பாங்களாம். சின்னவன் சாக்ஸை ஒளிச்சு வெச்சுட்டான். மத்தபடி சரி. நீ?"

"சரி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"கல்லுளிமங்கி. உன் கூட இருக்கிறதுக்கு அந்தச் சுவரோட பேசலாம், அதுவாவது எதிரொலிக்கும்."

உள்ளே போனால் அவள் வாய்க்கும் ஓய்வு. முகத்தை மூடும் ஹூட், அதற்குக் காற்றை ஊதும் மோட்டார் இடுப்பில். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் ஏறாது. எல்லாம் சைகைதான். கட்டைவிரல் என்றால் முடிந்தது. இரண்டு விரல் என்றால் அடுத்த தட்டு. உள்ளங்கையை விரித்து உச்சந்தலையில் வைத்தால், "என்னால் முடியவில்லை, கூட்டிக்கொண்டு போ."

அக்கா அந்தக் கடைசிச் சைகையைப் பல தடவை காட்டியிருக்கிறாள். ஒரு தடவை மூக்கரிப்புக்காக. (ஹூட்டுக்குள் மூக்கு அரித்தால் ஞானிகளும் அழுதுவிடுவார்கள்.) நான் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

மார்ச் 9, திங்கள்

குனிந்து கீழ்த்தட்டிலிருந்து பெட்டியை எடுக்கும்போது அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பார்க்கவில்லை.

மார்ச் 11, புதன்

படுக்கையில் இடப்பக்கம் திரும்பினால் மேற்கூரை நகர்கிறது. ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்காமலே ஏறிய மாதிரி.

நான் படித்த பழைய நாவல்களில் பெண்ணுக்குத் தலைசுற்றினால் ஒன்று கர்ப்பம், இல்லையென்றால் காசநோய். முதலாவதற்கு வாய்ப்பில்லை. இரண்டாவதற்கு வருடாவருடம் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மூன்றாவதாகக் காதல் தோல்வி ஒன்று உண்டு. அதற்கு முதலில் காதல் வேண்டும்.

டாக்டரிடம் சொல்லலாம். எங்கள் பிரிவுக்கென்றே ஒருவர் இருக்கிறார், தாழ்வாரத்தில் யாரைப் பார்த்தாலும் "நலமா?" என்பார், பதில் வரும்வரை நகர மாட்டார். நலமா டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். சொன்னால் கதவிலேயே நிறுத்திவிடுவார். கடைசிச் சுற்றுக்கு என் இடத்தில் முணுமுணுப்பு உள்ளே போவார். மாற்று ஆராய்ச்சியாளர் அவர், ஹூட்டுக்குள் பாட்டை முணுமுணுப்பது உதட்டசைவில் தெரியும். நன்றாகச் செய்வார். அதுதான் பிரச்சினை. மோசமாகச் செய்வார் என்றால் நாட்டு நலன் கருதி நானே போக வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

சாதம் இன்று உப்புக் கரித்தது. அம்மா இரண்டு தடவை போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, "உன் நாக்குல கோளாறு" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

"இன்னிக்கு நீ சரியா இருக்கியா?"

சரி என்றேன்.

மார்ச் 14, சனி

அம்மா டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். டம்ளருக்குள் இல்லை, பக்கத்தில். நிதானமாக, அன்பாக, மேஜைமேல்.

"கண்ணாடி மாத்தணும்மா."

"நல்லாத்தான் தெரியுது. நீ டம்ளரை நகத்திட்ட."

நான் தொடவே இல்லை. துணியெடுத்துத் துடைக்க எழுந்தேன். எழுந்த வேகத்தில் தரை சாய்ந்தது, சுவரைப் பிடித்தேன்.

"என்னடி, தலை சுத்துதா?"

"இல்லம்மா. செருப்பு வழுக்கிச்சு."

ஆக, அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, எனக்குத் தலை சுற்றவில்லை. டீ மட்டும் தன்பாட்டுக்கு மேஜை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 16, திங்கள்

கடைசிச் சுற்று தொடங்கியது. முதல் நாள் ஒரு தொந்தரவும் இல்லை. இடப்பக்கம் திரும்பாமலே வேலை செய்யப் பழகிவிட்டேன். எதை எடுப்பதானாலும் உடம்போடு திரும்புகிறேன். அக்கா வெளியே வந்து கேட்டாள்: "என்ன, கல்யாணப் பொண்ணு மாதிரி தலை அசையாம நடக்குற?"

கழுத்துப் பிடிப்பு என்றேன்.

"அதைக் கதவுல சொல்ல வேண்டாமா?"

"இப்பதான் பிடிச்சுது."

பொய் சொல்வதில் இவ்வளவு திறமை எனக்கு எங்கிருந்து வந்தது?

மார்ச் 18, புதன்

எழுதிவிடுகிறேன்.

இன்றுதான் முக்கியமான நாள். தன்னார்வலர்களிடமிருந்து எடுத்த மருந்தில் பாதி இன்று, பாதி குளிர்பெட்டியில் மிச்சம். மிச்சமும் போனால் வேறு வழியில்லை. அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் கேட்பதென்றால் அது அடுத்த வருடக் கதை.

தட்டுகளை அடுக்கிய தாம்பாளம் என் இரண்டு கையிலும். அக்கா எதிர்ப்பக்கம் மேஜையில். யாரோ கூப்பிட்ட மாதிரி இடப்பக்கம் திரும்பினேன். யாரும் கூப்பிடவில்லை, அங்கே யார் கூப்பிட்டாலும் கேட்காது. பழக்கதோஷம்.

அறை சுற்ற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

தாம்பாளத்தை மேஜையில் வைத்தேன். வைத்துவிட்டேன். இதை மட்டும் நாலு தடவை எழுதிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பிறகு கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தேன்.

அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பித் தன் வேலையைச் செய்தாள்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி வைத்தேன், இந்தத் தடவை அழுத்தி. அவள் நிமிர்ந்து, தன் ஹூட்டைத் தொட்டுக் காட்டி, "சரி செய்யணுமா?" என்று கையாலேயே கேட்டாள். நான் ஹூட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட உதவி கேட்காதவள் உதவி கேட்டால் அப்படித்தான் தெரியும் போல. மூன்றாவது தடவை கையை எடுக்கவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் ஓடி வந்தாள் — ஓடக்கூடாது, அங்க ஓடவே கூடாது, தெரியும் அவளுக்கு. வேகமாக நடந்து வந்தாள். என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கையுறை கழற்றி, மேலுடை கழற்றி, ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல். குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் என்னை உட்கார வைத்து அவளே தண்ணீர் ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஹூட் இல்லை, மோட்டார் இல்லை, ஆனாலும் பேசவில்லை. நான் அதற்குத்தான் பயந்தேன்.

பாதியில் நின்ற தட்டுகள் எல்லாம் கிருமி கொல்லும் கொதிகலனுக்குப் போயின.

நான் தாம்பாளத்தைக் கீழே போட்டிருந்தா? அக்கா மேல விழுந்திருந்தா? அந்த ரெட்டைங்ககிட்ட யார் போய்ச் சொல்லியிருப்பா? நானா?

மார்ச் 19, வியாழன்

நலமா டாக்டர் என்னைக் கட்டிலில் உட்கார வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி, சடாரென்று மல்லாக்கச் சாய்த்தார். கண்ணையே உற்றுப் பார்த்தார். அறை சுற்றி அடங்கும்வரை தலையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மறுபக்கம் திருப்பினார். மாவு சலிக்கிறவர் மாதிரி ஒரு பொறுமை.

"காதுக்குள்ள சின்னச் சின்னதா சுண்ணாம்புத் துகள் இருக்கும்மா. எல்லாருக்கும் இருக்கு. உனக்கு அந்தப் பொடி இடம் மாறிப் போச்சு. திருப்பி அதோட இடத்துல விட்டிருக்கேன். ரெண்டு மூணு தடவை செஞ்சா சரியாயிடும்."

பொடி. முள்வேலி, காவல், இரட்டைக் கதவு என்று ஒரு கட்டடமே பொடிக்குப் பயந்து கட்டியிருக்கிறார்கள். என் பொடி காதுக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எப்பலேர்ந்து சுத்துது?"

"ஒம்பதாம் தேதிலேர்ந்து."

அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"தலை சுத்துனதுக்கு யாரும் உன் அனுமதியைப் பறிக்க மாட்டாங்க. அஞ்சு நிமிஷ வைத்தியம் இது. சொல்லாம இருந்ததுக்குப் பறிக்கலாம். ஒரேயடியா."

அடுத்த மாத ஆரம்பத்தில் பாதுகாப்புக் குழு கூடுகிறது. அதுவரை உள்ளறைப் பக்கம் போகக் கூடாது.

மார்ச் 20, வெள்ளி

அக்கா இன்னும் பேசவில்லை. மதியம் கேன்டீனில் என் எதிரில்தான் உட்கார்ந்தாள், பேசாமலே சாப்பிட்டாள். அவள் பேசாமல் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை, சீக்கிரமே முடித்துவிட்டாள்.

"அக்கா, திட்டிடுங்க" என்றேன்.

"தினமும் கேட்டேனேடி." குரல் ஏறவில்லை. "மாமியார் வந்தது, பையன் சாக்ஸை ஒளிச்சு வெச்சது வரைக்கும் உன்கிட்ட சொன்னேன். பொழுது போகலன்னா சொன்னேன்? உன்னை நம்பி உள்ள வர்றேன். நீ என்னை நம்பித்தானே வரணும்?"

"நம்பாம இல்லக்கா."

"நம்பல. சொன்னா உன் இடம் போயிடும்னு பயந்த. என் வீட்டுல ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒரு அம்மாதான் இருக்கேன். அதுக்கு நீ பயப்படல."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து, என் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அதை எப்படி அர்த்தம் பண்ணிக்கொள்வது என்று சாயங்காலம்வரை யோசித்தேன்.

மார்ச் 21, சனி

அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அடைப்பான், பொடி, ஹூட், குளியல், அக்கா, காது.

அவள் வாயடைத்துப் போவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். முதல் கேள்வி: "அப்ப தினமும் அங்க சோப்புப் போடறியே, அதான் முடி கொட்டுதா?"

இரண்டாவது கேள்விக்கு வர ரொம்ப நேரமாயிற்று. "பயமா இல்லையாடி?"

"கவனமா இருந்தா இல்லம்மா."

"கவனமா இருந்தியா?"

உச்சந்தலையில் கை வைத்ததைச் சொன்னேன். அந்தச் சைகையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். தானும் கையைத் தலையில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்றும் பார்த்தாள்.

"இடி விழுந்தவ மாதிரி இருக்கு. வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?"

"உள்ள மோட்டார் சத்தம்மா. சொன்னா கேக்காது."

"இங்க என்ன சத்தம்? அன்னிக்குச் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னியே, இங்க எந்த மோட்டார் ஓடுச்சு?"

மார்ச் 25, புதன்

மிச்சமிருந்த மருந்தில் சோதனை. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நான், உள்ளே அக்காவும் முணுமுணுப்பும். வெளியிலிருந்து குறித்துக்கொள்வதற்கு ஒரு ஆள் வேண்டும், நீ இரு என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். தண்டனையா சலுகையா என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

வாசிப்பதைக் கேட்க இன்றைக்கு மட்டும் ஹூட்டுக்குள் ஒலிவாங்கி மாட்டியிருந்தார்கள். அதில் மோட்டார் இரைச்சலோடு முணுமுணுப்பின் பாட்டு. இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் போன உண்மை: அவருக்குச் சுருதி சுத்தமாகக் கிடையாது. அந்தச் சுருதியோடே ஒவ்வொரு குழியாக வாசித்தார்.

"ஊதா. ஊதா. ஊதா. லேசா ஊதா. ஊதா."

குறித்துக்கொண்டே வந்தேன். இது நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை என்று முதல் வரிசை முழுக்கப் பொறாமை. இரண்டாவது வரிசையில் பொறாமைப்பட நேரமில்லை, அவ்வளவு ஊதா. கடைசித் தட்டில் மருந்து சேர்க்காத குழிகள் மட்டும் வெளிறிக் கிடந்தன, அவை கிடக்க வேண்டியபடி.

முறிக்கிறது. தாமதமாகக் கொடுத்தாலும் முறிக்கிறது. இன்னும் எத்தனையோ கட்டம் பாக்கி, இது தட்டில்தான், மனிதரில் இல்லை. இருக்கட்டும். முறிக்கிறது.

அக்கா சன்னலருகே வந்து கட்டைவிரலைக் காட்டினாள். அப்புறம் உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்தேவிட்டேன். அவள் மூக்கைக் காட்டினாள். அரிப்பாம்.

பழிவாங்குகிறாள். பேச ஆரம்பித்துவிடுவாள்.

ஏப்ரல் 2, வியாழன்

குழு கூடியது. மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். என்னிடம் கேட்டதற்கெல்லாம் முழு வாக்கியத்தில் பதில் சொன்னேன். ஒருவர் பாதியில் கடிகாரத்தைப் பார்த்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேசி ஒருவருக்கு அலுத்திருக்கிறது.

அக்காவையும் கூப்பிட்டார்கள். இவளோடு மறுபடி உள்ளே போவீர்களா என்று கேட்டார்களாம். அவளே வந்து சொன்னாள்.

"என்ன சொன்னீங்க?"

"தலையில கை வைக்கக் கத்துக்கிட்டா, இனிமே போவேன். முன்னாடி போனதுதான் என் முட்டாள்தனம்னேன்."

தீர்ப்பு: மூன்று மாதம் வெளிவேலை, அதன்பிறகு மறுபடி பார்ப்பார்கள். அதுவரை அக்காவுக்கு முணுமுணுப்புதான் ஜோடி. அறிக்கையில் சோதனை செய்தவர்கள் என்று அவர்கள் இருவர் பெயர் வரும். என் பெயர் குறித்துக்கொண்டவர்கள் வரிசையில்.

வலிக்கிறது. வலிக்கிறது என்று அக்காவிடமும் சொன்னேன். "பேஷ், செய்தி வாசிக்க ஆரம்பிச்சுட்டா" என்றாள்.

ஏப்ரல் 6, திங்கள்

காய்ந்த தலையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் குளிக்க விடலையா?" என்றாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

கடைக்குப் போன அம்மாவைக் காணோமே என்று படியிறங்கினேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில், வெளிச்சம் குறைவான இடத்தில், பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

முடியை ஒதுக்குகிறாள் என்று நினைத்தேன். "என்னம்மா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டுக்கொண்டே பையை எடுக்கக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோதும் கையை எடுக்கவில்லை. உள்ளங்கை விரிந்து, உச்சந்தலையில், அழுத்தி.

அக்காவைப் பற்றி நான் எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறேன், இரண்டு தடவை காட்டியும் அவளுக்குப் புரியவில்லை என்று.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்தேன். "எவ்ளோ நாளா?" என்றேன். "மழைக்கு முன்னாடிலேர்ந்து" என்றாள். மழை போன வருடம் பெய்தது. தலையில் ஏறின கோபத்தை யாரிடம் காட்டுவது? ஒன்பதாம் தேதியிலிருந்து பத்து நாள் வாயைத் திறக்காதவள் நான். அவள் வயிற்றில்தானே பிறந்தேன். நாளைக் காலை கண் டாக்டரிடம் போகிறோம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஏறினோம். ஒவ்வொரு படிக்கும் நான் "படி" என்றேன்.

"தெரியுதுடி" என்றாள்.

"படி."

"தெரியுதுங்கறேன்ல."

"படி."

கொஞ்சம் நின்றாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியல" என்றாள்.